கேனில் வந்த 96: சிறுநீர் கார்டிசால் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

ஊத்தங்கரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அக்காவுக்கு வயது 34. ஒரு வருடத்துக்குள் முகம் உப்பி, வயிறு பெருத்து, கைகால் மட்டும் மெலிந்துவிட்டது. பிபி 160, கூடவே சர்க்கரையும் வந்திருக்கிறது. காலையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கார்டிசால், அதாவது அட்ரீனல் சுரப்பி சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோன், 18, நார்மல் என்று ரிப்போர்ட். கிருஷ்ணகிரியில் பார்த்த டாக்டர் அதோடு விடாமல் ஒரு கேனைக் கொடுத்து 24 மணி நேர சிறுநீரைப் பிடித்து வரச் சொல்லியிருக்கிறார். அதில் 96 மைக்ரோகிராம் வந்திருக்கிறது, பக்கத்தில் 50 வரை நார்மல் என்று அச்சாகியிருக்கிறது. இப்போது இன்னொரு கேன் பிடிக்கச் சொல்கிறார். "ரத்தத்தில் நார்மல் என்றால் சிறுநீரில் எதற்கு? 96 என்றால் அட்ரீனலில் கட்டியா? எதற்கு இரண்டாவது முறை, பணம் பிடுங்கவா?" இதுதான் கேள்வி.

நான் தருமபுரியில் இருபது வருடத்துக்கு மேலாக லேபில் பயோகெமிஸ்ட்ரி பார்ப்பவன். டாக்டர் இல்லை. அக்காவுக்கு என்ன நோய் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேனுக்குள் என்ன நடக்கிறது என்பதை டாக்டரைவிட நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். 96 என்றால் கட்டி என்று அர்த்தமில்லை. அதற்காக ஒதுக்கித் தள்ளவும் முடியாது, அதுவும் நீங்கள் சொன்ன அறிகுறிகளோடு சேர்ந்து வரும்போது. இரண்டாவது கேன் கேட்டது பணத்துக்காக இல்லை. கார்டிசால் கூடியிருக்கிறதா என்று சிறுநீரில் பார்த்தால் குறைந்தது இரண்டு முறை பார்க்க வேண்டும் என்பது 2008லேயே ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான எண்டோகிரைன் சொசைட்டி வகுத்த வழிமுறை. உங்கள் டாக்டர் சரியாகத்தான் போகிறார்.

சரி, ரத்தத்தில் நார்மல் வந்த பிறகும் ஏன் சிறுநீர்? கார்டிசால் நாள் முழுக்க ஒரே அளவில் ஓடுவதில்லை. விடியற்காலையில் ஏறும், காலை எட்டு மணி வாக்கில் உச்சத்தில் இருக்கும், பிறகு இறங்கி நள்ளிரவில் அடிமட்டத்துக்கு வரும். கார்டிசால் மிகுந்து வரும் குஷிங் நோயில் முதலில் கெடுவது இந்த ராத்திரி இறக்கம்தான். காலை அளவு பலருக்கு நார்மலாகவே இருக்கும். காலையில் மடியைப் பார்த்துவிட்டு இந்த மாடு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் கறக்கும் என்று சொல்ல முடியுமா? பால் சொசைட்டி பாஸ்புக்கைப் பார்த்தால்தானே தெரியும். 24 மணி நேர சிறுநீர் அந்த பாஸ்புக் மாதிரி. ஏறியது, இறங்கியது எல்லாம் சேர்ந்து மொத்தக் கணக்கு அதில் இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. ரத்தத்தில் ஓடும் கார்டிசாலில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் புரதத்தோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். வேலை செய்வது ஒட்டாமல் இருக்கும் கொஞ்சம்தான், சிறுநீரகம் வடிகட்டி வெளியே விடுவதும் அதைத்தான். கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனால் அந்தப் புரதம் கூடிவிடும். ரத்தத்தில் கார்டிசால் எக்கச்சக்கமாகக் காட்டும், ஆனால் உடம்பில் கோளாறு எதுவும் இருக்காது. சிறுநீர்க் கணக்கு இந்த மாத்திரையால் ஏமாறாது.

அட்ரீனல் சுரப்பி என்பது இரண்டு சிறுநீரகத்தின் தலையிலும் தொப்பி போல உட்கார்ந்திருப்பது. ஒவ்வொன்றும் நான்கைந்து கிராம்தான், அக்கா கழுத்துத் தாலியின் எடை இருக்குமோ என்னவோ. அது நாளுக்கு ஏறக்குறைய 10 மில்லிகிராம் கார்டிசால் சுரக்கிறது. அதில் நூற்றில் ஒரு பங்குகூட அப்படியே சிறுநீரில் வருவதில்லை. மீதியை ஈரல் வேறு வேறு உருவமாக மாற்றித்தான் அனுப்புகிறது. அந்த மாறின உருவங்களுக்கும் ஒரு சோதனை இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன்.

இப்போது கேன். இதைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். ரிப்போர்ட் தப்பாகப் போவது பெரும்பாலும் மெஷினில் இல்லை, இங்கேதான்.

காலையில் எழுந்து போகும் முதல் சிறுநீரைப் பிடிக்கக் கூடாது, அது நேற்றையக் கணக்கு. அதை டாய்லெட்டில் விட்டுவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மணி என்று வையுங்கள். அதற்குப் பிறகு ஒரு சொட்டு விடாமல் எல்லாம் கேனுக்குள். மறுநாள் காலை ஆறு மணிக்கு மறுபடி போய் அதையும் கேனில் சேர்த்தால் கணக்கு முடிந்தது. இரண்டு காலைச் சிறுநீரையும் சேர்ப்பவர்கள் பாதிப் பேர். இரண்டையும் விடுபவர்களும் உண்டு.

அரூர் பக்கத்திலிருந்து ஒரு பாட்டியம்மா கேன் கொண்டுவந்தார். தூக்கிப் பார்த்ததுமே தெரிந்தது. அளந்தால் 400 மில்லி. "பாட்டி, எல்லாத்தையும் பிடிச்சீங்களா?" என்றால், "பிடிச்சேன் சாமி" என்கிறார். கிரியாட்டினின் போட்டேன், 210 மில்லிகிராம். ஒரு முழு நாளில் அவ்வளவு குறைவாக வராது. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டதும்தான் சொன்னார், பகல் முழுக்க கேழ்வரகுக் கொல்லையில் களை பறிக்கப் போயிருந்தாராம். அங்கே கேனைத் தூக்கிக்கொண்டு போக வெட்கம். வீட்டில் இருந்தபோது மட்டும் பிடித்திருக்கிறார். அந்த சாம்பிளை ஓட்டியிருந்தால் கார்டிசால் அழகாக நார்மல் என்று வந்திருக்கும். அதனால்தான் சொல்கிறேன், வேலைக்குப் போகாத நாளாகப் பார்த்துப் பிடியுங்கள். ஊருக்குப் போகிற நாள், விசேஷ நாள், மாதவிலக்கு நாள் வேண்டாம்.

கிரியாட்டினின் என்றேன் இல்லையா, அதுதான் கேனுக்குச் சாட்சி. தசையிலிருந்து நாளுக்கு ஏறக்குறைய ஒரே அளவில் வெளியே வரும். பெண்களுக்கு எடையில் கிலோவுக்கு 15 முதல் 20 மில்லிகிராம், ஆண்களுக்கு 20 முதல் 25 என்று கணக்கு. வயதானவர்களுக்கும் மெலிந்தவர்களுக்கும் இன்னும் குறையும். அக்காவின் ரிப்போர்ட்டில் கார்டிசாலோடு சிறுநீரின் மொத்த அளவும் கிரியாட்டினினும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இரண்டாவது முறை கேட்டு வாங்குங்கள். அது இல்லாத 24 மணி நேர ரிப்போர்ட்டை நான் அரை ரிப்போர்ட் என்றுதான் சொல்வேன்.

தப்பு எப்போதும் நோயாளி பக்கம்தான் என்று நினைக்காதீர்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு லேபில் நானே செய்தது. கேனில் இருந்தது 2,100 மில்லி, படிவத்தில் 1,200 என்று எழுதிவிட்டேன். லேபில் முழுக் கேனையும் ஓட்டுவதில்லை. நன்றாகக் குலுக்கி, அளந்து, ஒரு சின்ன குப்பியில் எடுத்து அனுப்புவோம். மெஷின் லிட்டருக்கு எவ்வளவு என்று சொல்லும், அதை மொத்த அளவால் பெருக்க வேண்டும். லிட்டருக்கு 40 மைக்ரோகிராம். 2.1 லிட்டரால் பெருக்கினால் 84, கூடுதல். 1.2 ஆல் பெருக்கினால் 48, நார்மல். நார்மல் என்றே போய்விட்டது. பார்த்த டாக்டர் கெட்டிக்காரர். எழுபது கிலோ மனிதனுக்கு கிரியாட்டினின் 840 தானா என்று போன் போட்டுக் கேட்டார். அன்றிலிருந்து அளவை எழுதியதும் பக்கத்தில் இருப்பவரை ஒருமுறை கேனைப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

சித்திரை வெயிலில் கேன் திண்ணையில் கிடக்கக் கூடாது. ஃப்ரிட்ஜ் இருந்தால் கீழ்த்தட்டு. வீட்டில் ஒத்துக்கொள்ளமாட்டார்கள், தெரியும். அப்படியென்றால் ஒரு பக்கெட்டில் ஐஸ் போட்டுக் கேனை அதில் நிறுத்தி மூடி வையுங்கள். சில சோதனைக்குக் கேனுக்குள் முதலிலேயே கொஞ்சம் திரவம் ஊற்றித் தருவோம். பிபி திடீர் திடீரென்று எகிறி, வேர்த்து, நெஞ்சு படபடக்கிறவர்களுக்கு அட்ரீனல் சுரப்பியின் உள்பகுதியில் கட்டியா என்று மெட்டானெஃப்ரின் என்ற பொருளைப் பார்ப்பார்கள். அது ஸ்டீராய்டு இல்லை, ஆனால் அதே மாதிரிக் கேன்தான். அந்தக் கேனில் பல லேபில் ஆசிட் இருக்கும். நேராகக் கேனில் போகாமல் ஒரு மக்கில் பிடித்து ஊற்ற வேண்டும், குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. பாலக்கோட்டிலிருந்து வந்த ஒருவர் "உள்ளே ஏதோ அழுக்குத் தண்ணி இருந்தது சார், நல்லா கழுவித்தான் பிடிச்சேன்" என்று பெருமையாகச் சொன்னார். என்ன சொல்ல! இன்னொரு கேன் கொடுத்து அனுப்பினேன்.

தண்ணீரைப் பற்றியும் ஒன்று. அதிகம் குடித்தால் நல்லது என்று யாராவது சொல்லி, நாளுக்கு ஐந்து லிட்டர் குடித்தால் சிறுநீர் கார்டிசால் பொய்யாகவே கூடும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு எதிர்ப்பக்கம், இருப்பதைவிடக் குறைத்துக் காட்டும். வழக்கம் போலக் குடித்தால் போதும்.

இப்போது 96க்கு வருவோம். வரம்பு 50 என்றால் இது இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. மூன்று நான்கு மடங்கு என்று வந்தால் சந்தேகத்துக்கு இடம் குறைவு. இரண்டு மடங்கு என்பது நடுவாசல் மாதிரி, உள்ளேயா வெளியேயா என்று சொல்ல முடியாது. கட்டுப்படாத சர்க்கரை, மனச்சோர்வு, குடிப்பழக்கம், மிகுந்த உடல் பருமன், கர்ப்பம் எல்லாமே இந்த அளவுக்குக் கார்டிசாலைக் கூட்டும். அக்காவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்கிறீர்கள். சர்க்கரையால் கார்டிசால் ஏறியதா, கார்டிசாலால் சர்க்கரை வந்ததா? அதைப் பிரிக்கத்தான் அடுத்த சோதனைகள்.

எந்த முறையில் அளந்தார்கள் என்பதும் முக்கியம். பல லேபில் ஆன்டிபாடி வைத்து அளக்கும் முறை. கார்டிசாலின் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பியையெல்லாம் அதுவே கார்டிசால் என்று எண்ணிவிடும், எண் கூடுதலாக வரும். மூலக்கூறின் எடையை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறை ஆளைப் பார்த்து எண்ணும். ஆகவே ஒரு லேபின் 96ஐ இன்னொரு லேபின் 50ஓடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். இரண்டாவது கேனையும் அதே லேபில் கொடுங்கள். மலிவாக இருக்கிறது என்று ஓசூரில் ஒன்று, சேலத்தில் ஒன்று என்று அலையாதீர்கள்.

மாத்திரை விஷயத்தில் ஒளிக்காமல் சொல்லுங்கள். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாசெபின், கொழுப்புக்குக் கொடுக்கும் ஃபீனோஃபைப்ரேட் இரண்டும் சில முறைகளில் கார்டிசால் மாதிரியே வேஷம் போடும். ஸ்டீராய்டு மாத்திரையான பிரெட்னிசலோன் ஆன்டிபாடி முறையை நன்றாகவே ஏமாற்றும்.

நம் மாவட்டங்களில் இதைக் கூடுதலாகவே கேட்க வேண்டியிருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். மூட்டு வலி, இடுப்பு வலி இல்லாத தெரு கிடையாது. வலிக்குப் பெயர் தெரியாத பொடி, பொட்டலத்தில் கட்டித் தரும் மாத்திரை என்று மாதக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். "இது போட்டதும் வலி பறந்துடுது, நல்லா பசிக்குது" என்றால் எனக்கு உடனே ஸ்டீராய்டு சந்தேகம் வரும். முகம் வெளுக்கத் தடவும் சில கிரீம்களிலும் வீரியமான ஸ்டீராய்டு உண்டு. இவர்களுக்கு முகமும் வயிறும் குஷிங் மாதிரியே இருக்கும், ஆனால் உள்ளே போன ஸ்டீராய்டு அளக்கும் முறையை ஏமாற்றாவிட்டால் சிறுநீரில் கார்டிசால் தரைமட்டமாக இருக்கும். வெளியிலிருந்து வருவதால் சொந்தச் சுரப்பி தூங்கிவிடுகிறது. இது தெரிந்ததும் பயந்துபோய் அந்த மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. தூங்கும் சுரப்பி உடனே எழாது, பிபி விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அக்காவுக்கு அடுத்து என்ன வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள். ராத்திரி 11 மணிக்கு 1 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் மாத்திரை ஒன்றைக் கொடுத்து, மறுநாள் காலை எட்டு மணிக்கு ரத்தத்தில் கார்டிசால் பார்ப்பார்கள். ஆரோக்கியமான உடம்பு "வெளியிலிருந்து வந்துவிட்டது, நான் சுரக்க வேண்டாம்" என்று அடங்கி 1.8க்குக் கீழே இறங்கும். அடங்கவில்லையென்றால் சந்தேகம் பலமாகும். நள்ளிரவில் எச்சிலில் பார்க்கும் சோதனையும் உண்டு. ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு அது உதவாது, அவர்களின் உடம்புக்கு நள்ளிரவு என்பதே வேறு நேரம். அவர்களுக்கு 24 மணி நேரக் கேன்தான் நல்லது.

ஸ்கேன் எல்லாம் இதற்கு அப்புறம். நேராக ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமே என்று நிறைய பேர் கேட்கிறார்கள். எடுக்கலாம், ஆனால் எந்தக் கோளாறும் இல்லாத பெரியவர்களில் பத்துப் பேரை எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஒருவருக்குப் பிட்யூட்டரியில், அதாவது மூளைக்கு அடியில் இருந்து அட்ரீனலுக்குக் கட்டளையிடும் சுரப்பியில், ஏதாவது ஒரு புள்ளி தெரியும். அட்ரீனலிலும் அப்படித் தற்செயலாகத் தெரியும் கட்டிகள் உண்டு. கார்டிசால் கணக்கு முடியாமல் படத்தைப் பார்த்தால் தப்பான இடத்தில் கத்தி வைக்க நேரும். கார்டிசால் கூடுதல் உறுதியானதும் ரத்தத்தில் பிட்யூட்டரி அனுப்பும் கட்டளை ஹார்மோனான ஏ.சி.டி.எச். பார்ப்பார்கள். அது அடங்கிக் கிடந்தால் கோளாறு அட்ரீனலில், இல்லையென்றால் பெரும்பாலும் பிட்யூட்டரியில். மாத்திரை, ஊசி காரணமில்லாத குஷிங்கில் பத்தில் ஏழு பிட்யூட்டரிதான். அதனால் "அட்ரீனலில் கட்டியா" என்ற உங்கள் கேள்வியே இரண்டு படி முன்னால் நிற்கிறது.

அட்ரீனல் சோர்ந்துபோகும் நோய்க்கு, அதாவது 1855இல் தாமஸ் அடிசன் விவரித்த அந்த நோய்க்கு, இந்தக் கேன் வேண்டாம். குறைவாக இருப்பதைச் சிறுநீரில் நம்பிச் சொல்ல முடியாது. எடை குறைந்து, மேனி கறுத்து, எழுந்தால் தலை சுற்றுகிறவர்களுக்குக் காலை ரத்தமும், ஏ.சி.டி.எச். ஊசி போட்டு கார்டிசால் ஏறுகிறதா என்று பார்ப்பதும்தான் வழி. நம் நாட்டில் அடிசனுக்கு டிபி இன்னும் முக்கியமான காரணம்.

ஈரல் உருமாற்றி அனுப்பும் மீதி என்று சொன்னேனே, அது எனக்குப் பிடித்த விஷயம். ஒரு காலத்தில் சிறுநீரில் ஒரு ரசாயனத்தையும் காரத்தையும் சேர்த்து, கத்தரிப்பூ நிறம் வருகிறதா என்று பார்த்தார்கள். 1935இல் சிம்மர்மான் கொண்டுவந்த முறை. 17 கீட்டோஸ்டீராய்டு என்ற மொத்தக் கூட்டத்தையும் ஒரே எண்ணாகச் சொல்லும், யார் யார் கூட்டத்தில் இருக்கிறார்கள் என்று சொல்லாது. இன்று ஜி.சி.எம்.எஸ். கருவியில் ஒரே ஓட்டத்தில் முப்பதுக்கு மேற்பட்ட ஸ்டீராய்டுகளைத் தனித்தனியாக எண்ணலாம். இதை ஸ்டீராய்டு புரொஃபைல் என்பார்கள். எல்லா லேபிலும் கிடையாது, சாம்பிளை வெளியூர் அனுப்ப வேண்டியிருக்கும்.

அதன் பயன் குழந்தைகளிடம் நன்றாகத் தெரியும். அட்ரீனலுக்குள் ஸ்டீராய்டு செய்யும் வேலை வாய்க்கால் பாசனம் மாதிரி, மடைக்கு மடை ஒரு என்சைம். ஒரு மடை அடைத்துக்கொண்டால் தண்ணீர் மேலே தேங்கும், பக்கத்து வாய்க்காலில் பாயும். 21 ஹைட்ராக்சிலேஸ் என்ற மடை பிறவியிலேயே அடைபட்டால் கார்டிசால் கிடைக்காது, தேங்கியது ஆண் ஹார்மோன் வாய்க்காலில் பாயும். பெண் குழந்தை பிறந்ததும் ஆணா பெண்ணா என்று சந்தேகம் வரும். ஆண் குழந்தைக்கு வெளியே எதுவும் தெரியாது, இரண்டாவது வாரத்தில் வாந்தி எடுத்து உப்பு இறங்கி சுருண்டுவிடும். தேங்கிய பொருள் சிறுநீரில் பிரெக்னான்ட்ரையால் என்ற உருவில் வரும். முதலில் ரத்தத்தில் தேங்கும் அந்தப் பொருளான 17 ஓ.எச்.பி.தான் பார்ப்பார்கள், சுருண்ட குழந்தைக்கு ரிப்போர்ட் வரும்வரை மருந்து காத்திருக்காது. ஆனால் எந்த மடை என்பதில் குழப்பம் வந்தால் புரொஃபைல் தீர்த்துவைக்கும். 11 ஹைட்ராக்சிலேஸ் அடைபட்டால் ஒரு கையெழுத்து, 17 அடைபட்டால் வேறு கையெழுத்து. கைக்குழந்தையிடம் 24 மணி நேரம் பிடிக்கத் தேவையில்லை, ஒரு தடவைச் சிறுநீரே போதும், அளவைவிட ஒன்றுக்கொன்று விகிதம்தான் பேசும். இது அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வர வேண்டிய மரபணுக் கோளாறு. அக்கா மகள், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள் கட்டும் நம் பக்கத்தில் ஒரு பிள்ளை பிறந்த சில வாரத்தில் காரணம் தெரியாமல் போயிருந்தால், அடுத்த பிள்ளைக்கு டாக்டரிடம் அதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

பெரியவர்களிலும் இந்தப் புரொஃபைலுக்கு வேலை வந்திருக்கிறது. ஸ்கேனில் அட்ரீனல் கட்டி தெரிந்தால் அது சாதாரணமா, புற்றுநோயா என்பது பெரிய கேள்வி. புற்றுக் கட்டி ஸ்டீராய்டை அரைகுறையாகச் செய்து வெளியே தள்ளும், அந்த அரைகுறைச் சரக்கு சிறுநீரில் தெரியும். 2011இல் 147 பேரை வைத்து இதைக் காட்டினார்கள். 2020இல் 2,000 பேருக்கு மேல் சேர்த்துச் செய்த ஆய்வும் அதை உறுதி செய்தது. ஸ்கேனோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் அதன் பலம்.

பிபியைக் கூட்டும் இன்னொரு அட்ரீனல் ஹார்மோன் ஆல்டோஸ்டிரோன், உடம்பில் உப்பைப் பிடித்து வைப்பது. முதல் சோதனை ரத்தத்தில், பிறகு உறுதி செய்ய மூன்று நாள் உப்பைக் கூட்டிக் கொடுத்து 24 மணி நேர சிறுநீரில் பார்ப்பது ஒரு வழி. சிறுநீரில் சோடியம் 200 மில்லிமோலுக்கு மேல் போயும் ஆல்டோஸ்டிரோன் 12 மைக்ரோகிராமுக்கு மேலேயே நின்றால் சுரப்பி சொல்பேச்சு கேட்கவில்லை என்று பொருள். இதை வீட்டில் நீங்களாக உப்பு தின்று செய்யாதீர்கள். ஒரு கிளைக்கதை: இருமலுக்கு அதிமதுரம் கடிப்போமே, அதை மாதக்கணக்கில் அதிகம் சாப்பிட்டால் கார்டிசாலைச் செயலிழக்க வைக்கும் என்சைமை அது தடுத்துவிடும். பிபி ஏறும், பொட்டாசியம் இறங்கும், ஆல்டோஸ்டிரோன் பார்த்தால் குறைவாக இருக்கும். சிறுநீரில் கார்டிசாலுக்கும் அதன் செயலிழந்த உருவமான கார்டிசோனுக்கும் உள்ள விகிதம் பார்த்தால்தான் பிடிபடும். அக்கா ஏதாவது சூரணம் சாப்பிடுகிறாரா என்றும் கேட்டுப் பாருங்கள்.

அக்காவிடம் இன்னும் இரண்டு விஷயம் பார்க்கலாம். குந்தி உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடிகிறதா? வயிற்றில், தொடையில் விரல் அகலத்துக்குக் கருஞ்சிவப்புக் கோடுகள் விழுந்திருக்கிறதா? பிரசவக் கோடு வெளிறி இருக்கும், இது வேறு. பதிலை எழுதி டாக்டரிடம் கொடுங்கள். இரண்டாவது கேனை ஞாயிறு காலை ஆரம்பித்து திங்கள் காலை முடியுங்கள், மூடியை இறுக்கி நிமிர்த்தி வைத்து பத்து மணிக்குள் லேபில் கொடுத்துவிடுங்கள். ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், அக்காவின் எடை, சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் கேன் மேல் ஒட்டிய சீட்டில் பேனாவால் எழுதுங்கள். இங்க் பேனா வேண்டாம், ஐஸ் தண்ணீரில் அழிந்துவிடும்.